முப்பத்தொன்றாம் எண்

"முப்பத்தொண்ணா, பன்னிரண்டா? உங்க ஓட்டுதான் பாக்கி, மார்கெட்டா" என்றார் இல்போ.

மார்கெட்டா ஆறிப்போன காபியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். கீழே ஆற்றில் பனிக்கட்டி உடைந்து மிதந்துகொண்டிருந்தது.

துர்க்கு நகரின் அந்தச் சிறிய இசைக் கல்லூரியில், இசையமைப்பு முதுகலைக்கு ஐந்தே இடங்கள். நான்கு முடிந்துவிட்டன. நடுவர்கள் மூன்று பேருக்கும் விண்ணப்பதாரரின் எண் மட்டும்தான் தெரியும். பெயர், ஒட்டிய உறைக்குள் இருக்கும். தேர்வானவர்களின் உறையை மட்டும் பிரிப்பார்கள். மற்றவை பிரிக்கப்படாமலே திரும்பிப் போகும்.

"முப்பத்தொண்ணுதான். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் இல்போ. "நாலு செல்லோ வாத்தியமும் ஒண்ணா மூச்சை இழுத்துப் பிடிக்கிற இடம் வருதே, பார்த்தீங்களா? இருபது வருஷமா இந்த நாற்காலியைத் தேய்க்கிறேன். இப்படி ஒண்ணு வந்ததில்லை."

"செல்லோன்னு எழுதியிருந்தாலே நீங்க உருகிடுவீங்க" என்றாள் ஹென்ரீக்கா. "பன்னிரண்டு சுத்தமா இருக்கு. என் ஓட்டு அதுக்குத்தான்."

மார்கெட்டாவுக்கு முப்பத்தொன்று மனப்பாடமே ஆகியிருந்தது. ஒரு வாரமாகத் தினமும் வாசித்தாள். தான் எழுதியிருக்கக்கூடாதா என்று பொறாமைகூட வந்தது.

ஆனால் அது கையால் எழுதப்பட்டிருந்தது. வாத்தியம் நிற்க வேண்டிய இடத்தில் போடும் ஓய்வுக்குறியை, கடற்காகம் சிறகை மடக்கியதுபோல் வரைவது இந்த ஊரிலேயே ஒருவன்தான். அவள் மகன் லஸ்ஸே. எட்டு வயதிலிருந்து அப்படித்தான் போடுவான். திட்டியும் மாற்றிக்கொள்ளவில்லை.

போன வருடம் அவன் விண்ணப்பிக்கட்டுமா என்று கேட்டபோது, "நான் நடுவரா இருக்கிற வரைக்கும் வேண்டாம்டா" என்று சொல்லியிருந்தாள். சரியென்று தலையாட்டிவிட்டு நூலக வேலைக்குப் போய்விட்டான். ஆனால் நான்கு மாதமாக மாலையில் எங்கோ போகிறான், விரலில் மையோடு வருகிறான், கேட்டால் சிரிக்கிறான்.

தெரிந்தவர் எழுதியது என்று ஒரு நடுவர் சொல்லிவிட்டால், அந்த விண்ணப்பமே ரத்து. சொல்லாமல் ஓட்டுப் போட்டால், நாளைக்கு உறையைப் பிரித்ததும் ஊர் சிரிக்கும். அம்மா தூக்கிக் கொடுத்த இடம் என்பார்கள். அவன் காலம் முழுக்க அதைச் சுமக்க வேண்டும்.

"என்ன மார்கெட்டா?"

"பன்னிரண்டு" என்றாள்.

இல்போ கண்ணாடியைக் கழற்றினார். "காரணம்?"

உண்மைக் காரணத்தைச் சொல்ல முடியாது. வாயில் வந்ததைச் சொன்னாள். "கம்ப்யூட்டர் இருக்கிற காலத்துல நாற்பது பக்கத்தை யாராவது கையால எழுதுவாங்களா? எல்லாம் பந்தா. என்னைப் பாரு, என்னைப் பாருன்னு."

"எழுத்துக்கா மார்க் போடறோம்? நீங்களா இப்படிப் பேசறது?"

"என் ஓட்டைச் சொல்லிட்டேன், இல்போ."

மறுநாள் நண்பகலில் ஐந்து பெயர்கள் இணையத்தில் வந்தன. மூன்று மணிக்கு லஸ்ஸே வீட்டுக்கு வந்தான். சைக்கிளைப் பூட்டாமலே சாத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். மார்கெட்டா ஏலக்காய் பன்னை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் தொடவில்லை.

"லிஸ்ட் பார்த்தியா?" என்றாள்.

"பார்த்தேன்."

முகம் வாடியிருந்தது. அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"லஸ்ஸே, நான் ஒண்ணு சொல்லணும். நடுவர் வெளியே சொல்லக்கூடாது. ஆனா உன்கிட்ட மறைக்க முடியலை. முப்பத்தொண்ணை வெளியே தள்ளினது நான்தான்."

அவன் நிமிர்ந்தான். "நீயா?"

"உன் ஓய்வுக்குறியைப் பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. அம்மா தயவுல உள்ளே வந்தேன்னு யாரும் உன்னைச் சொல்லிடக்கூடாதுன்னு... அது ரொம்ப நல்லா இருந்ததுடா. அஞ்சு பேர்ல முதல் இடமே அதுக்குத்தான் போயிருக்கணும். மத்தவங்க பிள்ளைக்குச் செய்யற நியாயத்தை என் பிள்ளைக்குச் செய்யலை. என்னைத் திட்டு, பரவாயில்லை."

அவன் திட்டவில்லை.

"நான் அப்ளை பண்ணவே இல்லையேம்மா. நீதானே வேண்டாம்னே?"

மார்கெட்டாவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு சிரிப்பு வந்தது. ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்த கல் உருண்டு விழுந்தது. மேசைக்கு இந்தப் பக்கமிருந்தே கையை நீட்டி அவன் தலைமுடியைக் கலைத்தாள்.

"கழுதை! முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? ஒரு வாரமா நான் தூங்கலைடா!"

லஸ்ஸே சிரிக்கவில்லை.

"யார் எழுதினதுன்னு தெரிஞ்சா விண்ணப்பம் ரத்தாயிடும், அதான் உன்கிட்ட சொல்லலை" என்றான் மெதுவாக. "அது என் சிநேகிதி வென்லாவோட இசை. அவ மேசையைத் தட்டித் தட்டிப் பாடுவா, நான் பக்கத்துல உட்கார்ந்து எழுதுவேன். அவளுக்குக் கண் தெரியாதும்மா."