இடப்பக்கம் மலை

பௌர்ணமிக்குக் கிரிவலம் போன மாறன் இரண்டு வருடமாகத் திரும்பவில்லை. கடைசியாக அவனை அடி அண்ணாமலையில் பார்த்திருக்கிறார்கள்.

அவனுடைய கணினியில், இருபது வருடத்துக்கு முந்தைய போர் விளையாட்டு ஒன்று பாதியில் நின்றது. நாம் ஒரு முறை, எதிரி ஒரு முறை என்று ஆட வேண்டும். அக்கா சந்திரகலா தினமும் மதியம் அதைத் திறந்து கொஞ்சம் ஆடுவாள். மாறன் தன் பெயரையே வைத்து, தானாகச் சுற்றும்படி விட்டுப்போன வீரன் ஒருவன் அதில் இருந்தான். முறைக்கு ஒரு கட்டமாக ஒரு மலையைச் சுற்றுவான். மலை எப்போதும் அவனுக்கு வலப்பக்கம்.

"இன்னிக்கு எங்க இருக்கான்?" என்பாள் அம்மா.

"அதே மலையத்தாம்மா சுத்தறான்."

"எனக்குக் கொள்ளி வைக்கவாவது வருவானாடி?"

இன்று அந்த வீரன் எதிர்ப்பக்கமாகத் திரும்பி நடந்தான். மலை இடப்பக்கம் வந்தது. கொள்ளிக்குடம் சுமக்கும் மகன்தான் சிதையை அப்படிச் சுற்றுவான். அப்பாவுக்கு மாறன் சுற்றியதைச் சந்திரகலா பார்த்திருக்கிறாள். விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். அவள் ஆடாமலே அவன் நடந்தான். மூன்று சுற்று முடித்து, மலைக்கு முதுகைக் காட்டி நின்றான்.

"அம்மா" என்று கூப்பிட்டாள். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள்.

குழாயடியில், மூட ஆளில்லாமல், குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.