சமையல்காரருக்கு ஒரு விடை

பேரரசுகள் சரியும் நாளில் வானம் சிவக்கும் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அன்று வானம் எப்போதும்போல்தான் இருந்தது. முன்னோட்டம் ஓடுவதற்கு முன் ஒரு பற்பசை விளம்பரத்தைத் தள்ளிவிட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

தலைவரின் அச்சுக்கடையில் கணினிக்கு முன்னால் மூன்று பேர். ‘கரும்பாய்க் கப்பல்’ திரைப்பட வரிசையின் ரசிகர் மன்றத் தலைவர். மன்றச் செயலாளரான மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். மன்றத்தில் ஒரு பதவியும் வேண்டாம், ஆளை விடுங்கள் என்று கும்பிட்டுவிட்ட தலைவரின் மனைவி. கடையில் வடிவமைப்பு அவள் வேலை என்பதால் நாற்காலி மட்டும் அவளுக்கு.

ஐந்து பாகங்கள் வந்துவிட்டன. கப்பல் இரண்டு முறை மூழ்கியது, கதாநாயகி நான்கு முறை மாறினாள். மாறாதவர் கப்பலின் சமையல்காரர் ஒருவர்தான்.

ஒவ்வொரு பாகத்திலும் பீரங்கி முழங்கும் நேரம் பார்த்துக் கையில் கரண்டியோடு மேல்தளத்துக்கு வருவார். “கரை எந்தப் பக்கம்?” என்று கேட்பார்.

யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். எல்லோருக்கும் வேலை இருக்கும்.

அரங்கமே சிரிக்கும். தலைவர் சிரித்ததில்லை. அது மனித குலத்தின் கேள்வி என்பது அவர் கட்சி. தன் கல்யாணப் பத்திரிகையின் உச்சியில் அதைத்தான் போட்டார். மாப்பிள்ளை வீட்டார் வழி கேட்கிறார்கள் போலும் என்று நினைத்த மாமனார், பின்பக்கம் மண்டபத்துக்கு வரைபடம் போடச் சொல்லிவிட்டார்.

சமையல்காரருக்கு ஒரு நாள் பதில் கிடைக்கும். அந்த நாளைப் பார்த்துவிட்டால் போதும் என்று தலைவர் பல வருஷமாகச் சொல்லிவந்தார்.

அப்போதுதான் பட வரிசையை விற்றுவிட்டார்கள். வாங்கியது ஒரு மெத்தைக் கம்பெனி.

பாய்க்கப்பலை மெத்தைக்காரன் வாங்காமல் வேறு யார் வாங்குவார் என்றாள் மனைவி. தலைவர் அன்று சாப்பிடவில்லை. இனிப் புயலில் கப்பல் தள்ளாடும்போது தளபதி சுருள்கம்பி மெத்தையில் அலுங்காமல் படுத்திருப்பான் என்று அவருக்குக் கண்முன்னே தெரிந்தது. செயலாளரின் பயம் இன்னும் பெரிது. மெத்தைக்காரர்கள் சமையல்காரரைக் குறட்டை விடவைப்பார்கள் என்றார்.

ஆனால் புதிய முதலாளி முதல் காரியமாக ரசிகர்களிடமே வந்தார். இணையத்தில் ஒரு வாக்கெடுப்பு: ‘ஆறாம் பாகத்தில் யாருக்கு விடை கொடுக்கலாம்?’ கீழே நான்கு முகங்கள். நான்காவது, கரண்டியோடு.

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. பழைய முதலாளிகள் படம் பார்த்தவர்களே இல்லை, இவர்தான் பார்த்தவர் என்றார்.

பிறகு மன்றம் தூங்கவில்லை. படுத்த படுக்கையாக இருந்த மாமியாரின் விரலைக்கூடத் தலைவர் விட்டுவைக்கவில்லை. கண் பரிசோதனைக்கு வந்தவர்களிடம் செயலாளர் கைப்பேசியைத் தள்ளி நீட்டி, கரண்டி தெரிகிறதா என்று கேட்பார். தெரிகிறது என்றால் அமுக்கச் சொல்வார். தெரியவில்லை என்றவர்களுக்கு அவரே அமுக்கினார்.

சமையல்காரர் அமோக வெற்றி பெற்றார்.

இப்போது முன்னோட்டம்.

மூடுபனிக் கடல். கரும்பாய்க் கப்பலிலிருந்து கயிறு கட்டி ஒரு சின்னப் படகை இறக்குகிறார்கள். படகில் சமையல்காரர். மடியில் கரண்டி, பக்கத்தில் சுருட்டிய மெத்தை. மேலிருந்து தளபதி கையசைக்கிறான். கயிறு அறுபடுகிறது. சமையல்காரர் நிமிர்ந்து பார்க்கிறார், வாயைத் திறக்கிறார்.

சத்தம் வருவதற்குள் திரையில் எழுத்து வந்தது: ‘உங்கள் விருப்பப்படி விடை கொடுத்துவிட்டோம்.’

அடுத்து, கொஞ்சம் சின்ன எழுத்தில்: ‘இவரை அனுப்பிவைப்பதில் தனி ஆர்வம் காட்டிய மன்றத்துக்கு நன்றி.’

மன்றத்தின் பெயரை ஒரு பிழையும் இல்லாமல் போட்டிருந்தார்கள்.

செயலாளர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். படகு மறுபடியும் இறங்கியது.

ஐந்து பாகங்களில் பதில்தான் கிடைக்கவில்லை. இதில் கேள்வியும் போயிற்று.

துரோகம் என்றார் தலைவர். ஓட்டை மாற்றி எண்ணிவிட்டார்கள் என்றார் செயலாளர்.

மனைவி பழைய வாக்கெடுப்பைத் தேடித் திறந்தாள். ஒரு தடவை படித்தாள். பிறகு, யாரையும் பார்க்காமல், “என்னங்க, விடை கொடுக்கறதுன்னா வழியனுப்பறதும்தானே?” என்றாள்.

தலைவர் எழுந்து நின்றார். விடை என்றால் பதில் என்றார். பரீட்சையில் எழுதுவது விடைத்தாள், அழுதுகொண்டே வழியனுப்பும் தாளா அது என்று கேட்டார். நல்ல தமிழ் தெரிந்த எவனும் அந்தச் சொல்லை அப்படி எழுத மாட்டான், மெத்தை தைக்கிறவனுக்குத் தமிழைப் பற்றி என்ன தெரியும் என்றார். செயலாளர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

எதிர் அலுவலகத்திலிருந்து கணக்கர் அம்மாள் உள்ளே வந்தார். அவர்கள் மேலாளருக்கு அன்று மாலை பணி ஓய்வு விழா. பதாகை தயாரா என்று கேட்டார்.

மனைவி எழுந்து உள்ளே போய், சுருளைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்துக் காட்டினாள்.

‘எங்கள் அன்பு மேலாளருக்குக் கண்ணீர் மல்க விடை கொடுக்கிறோம்.’

அம்மாள் அதை நிறுத்தி நிதானமாக வாய்விட்டுப் படித்தார். இந்த மாதிரி நல்ல தமிழ் இப்போது யார் எழுதுகிறார்கள் என்றார்.

வாசகம் தலைவர் எழுதியது.