பெருகிய ரொட்டி

“மாவுல சீனின்னு நெனச்சு உப்பைக் கொட்டிட்டேங்க,” என்றாள் ஜெசிந்தா.

பூசை முடிந்து திரேஸ்புரம் வீட்டுக்குள் நுழைந்த ரேமண்ட் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். “அய்யோ, ஒன் ரொட்டியைத் திங்கத்தான ஓடி வாரேன்! சரி ஏளா, மாவைக் கீழ கொட்டு. பொரிச்ச பரோட்டா வாங்கியாரேன்.”

“கொட்டவா? கரிப்பு போகட்டும்னு வீட்டுல இருந்த மாவு பூராவும் சேத்துப் பிசைஞ்சிட்டேன். சேசு அப்பத்தைப் பெருக்குனாருல்லா, அது மாதிரி ஒரு ரொட்டி ஆறு ரொட்டியாயிட்டு. இனி ஒரு வாரத்துக்கு மூணு நேரமும் இதான்!”

ஆறாவது ரொட்டி மேசையில் ‘டொக்’கென்று இறங்கியது.

“டப்பா எப்படித்தான் மாறிச்சோ!” என்று அவள் வியந்தாள்.

காலையில் சீனி டப்பாவில் உப்பை நிரப்பி வைத்துவிட்டுப் பூசைக்குப் போயிருந்த ரேமண்ட், போன ஞாயிறு அவள் சுட்ட ரொட்டியைக் கடித்து ஆட்டம் கண்ட பல்லை நாக்கால் தடவிக்கொண்டான்.