களத்தில் செருப்பு

"அவனை இன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்புங்க. இல்லேன்னா நான் போறேன்."

களத்து மேஸ்திரி இளையபெருமாள் இப்படிப் பேசி முதலாளி பஞ்சநதம் கேட்டதில்லை. பூதலூர்ப் பக்கத்து அந்த அரிசி ஆலையில் மேஸ்திரிக்குத் தலை நரைத்ததே களத்தில்தான்.

"யாரைச் சொல்றீங்க மேஸ்திரி?"

"பீகார்க்காரன். ராம்பிரீத். நெல்லு மேல செருப்புக் காலோட நடக்குறான்."

"சொல்லிப் பாத்தீங்களா?"

"வாயாலயும் சொன்னேன், கையாலயும் சொன்னேன். மண்டைய மண்டைய ஆட்டுறான். கழட்ட மாட்டேங்குறான்."

விஷயம் இதுதான். அவித்த நெல்லை ஆவி பறக்கக் களத்தில் கொட்டுவார்கள். ஆட்கள் வரிசையாக இறங்கி, காலாலேயே கோடு இழுத்துக் காயப்போடுவார்கள். வெறுங்காலோடுதான். பாய்லர் பார்க்கும் காதர் மைதீன்கூடச் செருப்பை ஓரமாக விட்டுவிட்டுத்தான் களத்தில் ஏறுவார். எங்கேயும் எழுதி வைத்த சட்டம் இல்லை. தஞ்சாவூர் ஜில்லாவில் நெல்லை எவன் செருப்பால் மிதிப்பான்?

இதில் இன்னொரு கூத்து. ஆட்கள் தங்கும் கொட்டகையிலிருந்து ஆலைக்கு வரும் சரளை ரோட்டில் ராம்பிரீத் வெறுங்காலோடு வருவான். செருப்பு ஒரு துணிப்பையில் தொங்கும். களத்து விளிம்பில் உட்கார்ந்து, அதை எடுத்து மாட்டிக்கொண்டு நெல்லில் இறங்குவான்.

"ரோட்டுக்கு வெறுங்காலு, லட்சுமிக்குச் செருப்பு. நல்ல ஊரு வழக்கம்" என்று களத்தில் வேலை செய்யும் காத்தாயி காலையிலேயே தூபம் போட்டிருந்தாள். "கோதுமை தின்னுற ஆளுக்கு நெல்லோட அருமை என்னண்ணே தெரியும்?"

பஞ்சநதம் யோசித்தார். "காதர் பாய் மக வீட்டுலேர்ந்து திரும்பிட்டாரு. அவருக்கு இந்தி தெரியும். கூட்டிட்டுப் போய் ஒரு வார்த்தை கேளுங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

காதர் மைதீன் சவுதியில் கற்ற இந்தியோடு கூட நடந்தார்.

"ஏண்ணே, ஒரு செருப்புக்கா இவ்வளவு? மிராசுதார் தெருவுல செருப்புப் போட்டு நடந்தாருன்னு உங்கப்பாவைத் தென்னமரத்துல கட்டி வச்சு அடிச்சாங்க. நீங்க சொன்னதுதான். அதுக்குத்தானே சங்கம் வச்சீங்க, கொடி ஏத்துனீங்க?"

"அது தெரு. இது நெல்லு."

"சரிண்ணே."

"அடி வாங்குன எங்கப்பா ஒருநாளும் செருப்போட நெல்லுல இறங்குனதில்ல. தெரிஞ்சுக்க."

காதர் தன் செருப்பை ஓரமாக விட்டுவிட்டுக் களத்தில் ஏறினார்.

ராம்பிரீத்துக்கு நாற்பது வயது இருக்கும். நெல்லில் நடந்துகொண்டிருந்தவனைக் காதர் கூப்பிட்டு இந்தியில் கேட்டார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே இரண்டு வார்த்தை சொன்னான்.

"என்னவாம்?"

"கழட்ட முடியாதாம்."

"பாத்தியா திமிர. ஊருக்கு ரயிலேறச் சொல்லு."

காதர் சொன்னார். ராம்பிரீத்தின் முகம் செத்துப் போனது. மெதுவாகக் களத்து ஓரத்துக்கு வந்து உட்கார்ந்தான். செருப்பைக் கழற்றினான். பாதத்தைத் திருப்பிக் காட்டினான்.

காத்தாயியின் கால் நின்றுவிட்டது.

குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் பாளம் பாளமாக வெடிப்பு. வெடிப்புக்குள் சிவப்பாகச் சதை. செருப்புக்குள் வைத்திருந்த துணி நனைந்திருந்தது. சுடுநெல்லும் சிமெண்டுத் தரையும் சேர்ந்து செய்த வேலை.

"ஏன்டா சொல்லல?" என்றார் இளையபெருமாள், தமிழிலேயே.

காதர் கேட்டார். இந்தத் தடவை அவன் நிறையப் பேசினான்.

"கால் புண்ணுன்னு தெரிஞ்சா வேலை இல்லேன்னுடுவீங்கன்னு பயந்து மறைச்சிருக்கான். வீட்டுல இவன் ஒருத்தன் சம்பாத்தியம்தானாம்."

"அந்தப் பை?"

"செருப்பு புதுசாம். களத்துக்குன்னே வாங்குனது. ரோட்டு அழுக்கு நெல்லுல ஒட்டக் கூடாதுன்னு கையில தூக்கிட்டு வர்றான்."

"இந்தக் காலோடயா சரளையில நடந்து வந்தான்?"

"ஆமாண்ணே. அவங்க ஊர்லயும் நெல்லுதானாம். செருப்போட நெல்லுல இறங்குனா அவங்கப்பா தோல உரிச்சிருவாராம்."

"அப்ப ஏன் போட்டுக்கிட்டு இறங்குறான்?"

காதர் அதையும் அவனிடம் கேட்டார்.

"'வெறுங்காலோட இறங்குனா நெல்லுல ரத்தம் ஒட்டுமே. ரத்தம் பட்ட சோத்தை ஒரு தாய் தன் புள்ளைக்கு எப்படிப் போடுவா?'ன்னு கேக்குறான்."

காத்தாயி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"காதரு, கால் ஆறுற வரைக்கும் இவன் உன் பக்கம் இருக்கட்டும். உக்காந்து பாக்குற வேலையா குடு. சம்பளம் அப்படியேதான். மொதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார் மேஸ்திரி.

"சரிண்ணே."

"ரோட்டுலயும் மாட்டிக்கிட்டு நடக்கச் சொல்லு, முட்டாப்பயல."

சொல்லிவிட்டு இளையபெருமாள் குனிந்தார். கழற்றிக் கிடந்த செருப்பு இரண்டையும் கையில் எடுத்தார். தோள் துண்டால் துடைத்து, அவன் காலடியில் வைத்தார்.