பங்குக் கிணறு

சுருவில் ஊரில், நாலைந்து காணிக்காரருக்குப் பொதுவான பங்குக் கிணறு இறைக்கப் போன இடத்தில், அன்ரனிதாசுக்கும் தமையன் சில்வெஸ்ரருக்கும் பழைய சண்டை மறுபடி மூண்டது.

“சின்னனிலை என்னை இதுக்குள்ளை தள்ளினது நீங்கள்தான்,” என்றான் அன்ரனிதாஸ். தண்ணீருக்குள் கிடந்து அண்ணாந்து பார்க்க, மேலே தெரிந்த தமையனின் முகத்தை அவன் மறக்கவே இல்லை.

“விசர்க்கதை கதையாதை. விழுந்தது நான்,” என்று சீறினார் சில்வெஸ்ரர். “நீ தள்ளிப்போட்டு மேலை நிண்டு பார்த்தனி. உன்னோடை இன்னொருத்தனும் நிண்டவன்.”

அன்ரனிதாஸ் அன்று மேலே பார்த்ததும் இரண்டு முகங்களைத்தான். மற்றதைப் பற்றி இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

“ஆர் அந்த மற்றவன்?” என்று கேட்டான்.

“எனக்கென்ன தெரியும்? அம்மாவுக்குப் பிள்ளையள் நாங்கள் ரெண்டு பேர்தானே.”

கிணற்றுக்குள்ளிருந்து ஒரு சிறுபிள்ளையின் குரல் கேட்டது.

“பெரியண்ணை, சின்னண்ணை, சண்டை பிடிச்சது காணும், நிப்பாட்டுங்கோ. கயித்தைக் கீழை விடுங்கோ.”