இருபத்திரண்டு மணி நேரத் தாய்

பள்ளி மேலாண்மைக் குழுவில் சேர, நாளுக்கு நான்கு மணி நேரமாவது பிள்ளையோடு இருக்கும் பெற்றோருக்குத்தான் தகுதி என்பது புது விதி. பிள்ளை கையில் பள்ளி கட்டிவிட்ட பட்டைக்குப் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தோம் என்று அவரவர் செல்போனே கணக்கெடுத்துச் சொல்லிவிடும். மில்லில் இரட்டை ஷிப்டு பார்க்கும் முப்பிடாதிக்கு நம்பிக்கை துளியும் இல்லை. ஆனாலும் பெண்பிள்ளைகள் கழிப்பறைக்கு ஒரு தாழ்ப்பாள் கேட்க வேறு வழி தெரியாமல், தலையில் ஒட்டிய பஞ்சோடு வரிசையில் போய் நின்றாள்.

எஸ்தர் டீச்சர் அவளுடைய போன் நம்பரைத் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"நீதாம்மா முதலிடம். தினமும் இருபத்திரண்டு மணி நேரம் மக கூட இருந்திருக்க!"

முப்பிடாதிக்குக் காரணம் புரிந்துவிட்டது. பாடமெல்லாம் அதில்தான் வருகிறது என்று போனை மகளிடமே விட்டுவிட்டுப் போகிறவள் அவள். மகள் அதைப் பள்ளிக்கும் கொண்டுபோவாள்; அவள் விளையாடப் போகும் இரண்டு மணி நேரம்தான் அது வீட்டில் தனியாகக் கிடக்கும்.

"டீச்சர், அது வந்து..."

"எனக்குத் தெரியாதா? தாழ்ப்பாள் வேணுமா, வேண்டாமா? கையெழுத்தப் போடு."

போட்டாள்.

முதல் கூட்டம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. மில்லில் லீவு கேட்டாள், தரவில்லை.

"இப்ப என்னம்மா செய்ய?" என்றாள் மகள் இசக்கிப்பிரியா.

முப்பிடாதி அலுப்போடு செருப்பை மாட்டினாள்.

"போனக் கொண்டுபோயி என் நாற்காலியில வச்சிருட்டி. தகுதி அதுக்குத்தான இருக்கு. தாழ்ப்பாள மட்டும் நீ கேளு."