வலிக்காத யானை

எங்கள் ஸம்பேசி ஆற்றங்கரையில் கிழட்டு ஆண் யானையை மட்டுமே சுட அனுமதி. யானை சிக்காவிட்டாலும் வேட்டைக்காரர் கட்டிய பணம் ஊருக்குத்தான். அதில்தான் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட வேண்டும்.

வேட்டைக்கு வந்த கோடீஸ்வரர் ஹென்ரிக், தடம் காட்டும் என்னிடம் கேட்டார்:

“கடன் போக உமக்கு என்ன சொத்து தேறும், பெரியவரே?”

மண்ணில் பதிந்திருந்த யானைத் தடத்தைக் காட்டினேன். “இந்தக் காலடிக்காரன் ஒருத்தன்தான், ஐயா.”

“அவனைச் சுடுறது பாவமில்லையா?”

“அவனுக்கு வலிக்கவே வலிக்காது. நான் பொறுப்பு.”

ஒரு வாரம் அலைந்தோம். தினமும் நான் முன்னால் போய்ப் பார்ப்பேன். புதுத்தடம் இருக்கும், யானை இருக்காது.

“கில்லாடிப் பய! அடுத்த வருஷமும் வர்றேன்,” என்று சிரித்தபடி ஹென்ரிக் கிளம்பினார்.

வீட்டுக்கு வந்து, முந்தைய வறட்சியில் செத்துப்போன அந்த யானையிடமிருந்து வெட்டி வைத்திருந்த பாதத்தில் ஒட்டியிருந்த சேற்றைக் கழுவினேன்.

“மெதுவா தேய்யா,” என்றாள் என் மனைவி நாசிலேலே. “ஊரோட மொத்தச் சொத்தும் அதுதான்!”